சேற்றில் கால் எடுக்கும் சத்தத்துக்கு ஓர் ஆங்கில வினைச்சொல்: ‘ஸ்குவெல்ச்’ எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

பரம்படித்து நடவுக்குத் தயாரான வயலில் இறங்கி நாலு எட்டு வைத்தால் என்ன சத்தம் கேட்கும் என்று டெல்டாவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கால் உள்ளே போகும்போது பெரிதாக ஒன்றும் கேட்காது. எடுக்கும்போதுதான் ‘சளக்’. அந்தச் சத்தத்தையும் நடையையும் சேர்த்து ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல்லால் சொல்லிவிடலாம். அதுதான் ‘ஸ்குவெல்ச்’.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதும்போது வயல் வந்தால் ‘வாக்’ என்று போட்டு, பின்னால் ‘இன் த மட்’ சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். இலக்கணப்படி அதில் குறையில்லை. ஆனால் படிப்பவருக்கு எந்த வயல், எவ்வளவு ஈரம் என்று ஒன்றும் பிடிபடாது. சேற்றை இவ்வளவு நன்றாக அறிந்தவர்கள் அதை ஆங்கிலத்தில் இப்படி வெறுமனே விட்டுவிடக் கூடாது. இந்தச் சொல்லைச் சரியாகக் கையாளத் தேவைப்படும் அறிவில் பாதி உங்கள் காலுக்கு ஏற்கெனவே தெரியும். மீதி இலக்கணம்.

எழுத்தும் உச்சரிப்பும்

எழுத்துகள்: எஸ், க்யூ, யூ, ஈ, எல், சி, ஹெச். சொல்லுக்கு ஒரே அசை. நம் நாக்கு ‘ஸ்’ஸுக்கு முன்னால் ஓர் ‘இ’யைச் சேர்த்து ‘இஸ்குவெல்ச்’ என்று இரண்டு அசையாக்கிவிடும். ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டிப் பிடித்து, மூச்சை விடாமல் ‘க்வெல்ச்’ என்று முடித்துப் பழகினால் அந்த ‘இ’ போய்விடும். கடைசி ‘ச்’ அழுத்தமாக விழ வேண்டும், ‘வாட்ச்’ என்ற சொல்லில் வருகிற அதே ‘ச்’. அதை ‘ஷ்’ ஆக்கினால் சொல்லின் ஓசையே மழுங்கிவிடும்.

இறந்த காலத்துக்கு ஈ, டி சேரும். ஆனால் வாயில் வருவது ‘ஸ்குவெல்ச்ட்’, அப்போதும் ஒரே அசைதான். ‘ஸ்குவெல்ச்செட்’ என்று சொல்வதுதான் வகுப்பறைகளில் அதிகம் கேட்கும் பிழை. ஹி, ஷி, இட் வரும் நிகழ்காலத்தில் ஈ, எஸ் இரண்டும் சேரும். வெறும் எஸ் போதாது. அப்போது மட்டும் ‘ஸ்குவெல்ச்சிஸ்’ என்று இரண்டு அசை. தொடர்ந்து நடக்கும் செயலுக்கு ‘ஸ்குவெல்ச்சிங்’.

இந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் இருக்கிறது. மெத்தென்ற ஒன்றின் மேல் பொத்தென்று விழுவது, விழுந்து நசுக்குவது என்ற பொருள்தான் முதலில். சேற்றொலிப் பொருள் பின்னால் வந்தது. அகராதியைத் திறந்தால் சேற்றோடு ‘நசுக்கு’, ‘அடக்கு’ என்பவையும் சேர்ந்து இருப்பதற்கு இதுதான் காரணம். இரண்டுக்கும் இலக்கணம் வேறு என்பதால் தனித்தனியாகப் படிப்பது நல்லது. முதலில் சேறு.

சத்தம் எப்படி உண்டாகிறது

இதைத் தெரிந்துகொண்டால் சொல்லை எங்கே போடலாம் என்ற சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். களிமண் சேற்றில் காலை வைத்ததும் சேறு பாதத்தைச் சுற்றி ஒட்டி மூடிக்கொள்கிறது. காலைத் தூக்கினால் பாதத்துக்கு அடியில் ஒரு வெற்றிடம் உண்டாகி, அது காலைக் கீழே இழுக்கிறது. இன்னும் கொஞ்சம் தூக்கியதும் ஓரமாக ஒரு வழி கிடைத்து, காற்றும் நீரும் சேற்றைப் பிளந்துகொண்டு உள்ளே பாய்கின்றன. ‘சளக்’ என்று கேட்பது அந்தப் பாய்ச்சல்தான்.

ஆகவே மூன்று வேண்டும்: அமுங்கும்படி மெத்தென்ற ஒரு பொருள், அதில் ஊறிய நீர், அழுத்திவிட்டு விடுகிற ஓர் அசைவு. இதில் ஒன்று குறைந்தாலும் வேறு வினைச்சொல்லைத் தேட வேண்டும்.

வயலை நிலை நிலையாகப் பார்த்தால்

மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. அந்தத் தண்ணீர் கல்லணை வந்து கிளைகளில் பிரிந்து வாய்க்காலுக்கு எட்டும் வரை வயல் காய்ந்து வெடித்துக் கிடக்கும். அந்தத் தரிசில் நடந்தால் கட்டிகள் காலடியில் நொறுங்கும். அதற்கு ‘க்ரஞ்ச்’. கடைமடையில் புழுதியில் நேரடி விதைப்புச் செய்கிற வயலில் ‘ஸ்குவெல்ச்’சுக்கு இடமே இல்லை. அங்கே எழுத வேண்டியது தூசியைத்தான்.

தண்ணீர் கட்டி ஊறப் போட்ட வயலில் கணுக்காலுக்கு மேல் நீர் நிற்கும். அதில் நடந்தால் நீர் அலம்பும் சத்தம்தான் மேலே கேட்கும். அடியில் சேறு இருந்தாலும் நீர் அதை அமுக்கிவிடும். இதற்கு ‘ஸ்லாஷ்’, எஸ், எல்லுக்குப் பிறகு ஓ போட்டு எழுதுவது. ஓவுக்குப் பதில் ஏ போட்டால் வெட்டுவது என்று பொருள் மாறிவிடும், கவனம். நீர் முழங்காலைத் தொட்டுவிட்டால் ‘வேட்’. நீரின் எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டு நடப்பதுதான் அதன் பொருள், சத்தத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரம் மாட்டிய டிராக்டர் தொளி கலக்கும்போது வினை ‘சர்ன்’. அதற்கு எழுவாய் டிராக்டர் அல்லது அதன் சக்கரம். ‘த டிராக்டர் ஸ்குவெல்ச்ட்’ என்று எழுதினால் வண்டி மெல்ல நடந்து போனதுபோல் ஆகிவிடும்.

பரம்படித்துச் சமன் செய்து, மிகுந்த நீரை வடித்து, மேலே ஒரு விரற்கடைக்குள் நீர் நிற்கும் வயல்தான் ‘ஸ்குவெல்ச்’சின் சொந்த இடம். நடவாட்கள் வரிசையாகப் பின்னால் நகர்ந்துகொண்டே நடும்போது ஒவ்வொருவர் கால் எடுப்பும் தனித்தனியாகக் கேட்கும். இங்கே தயங்காமல் எழுதலாம். ‘தே ஸ்குவெல்ச்ட் பேக்வர்ட்ஸ் அக்ராஸ் த ஃபீல்ட், பிளான்டிங் அஸ் தே வென்ட்.’ வயலின் குறுக்கே பின்னோக்கி, சேற்றில் கால் எடுத்து வைத்தபடியே நட்டுக்கொண்டு போனார்கள்.

நாற்றங்காலில் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். அங்கே ஒரே வேலையில் நாலு சத்தம் இருக்கிறது, நாலுக்கும் வினை வேறு. நாற்றைப் பறிக்கும்போது வேர் சேற்றிலிருந்து விடுபடும் சின்ன ஒலிக்கு ‘கேம் அவே வித் எ ஸாஃப்ட் ஸ்குவெல்ச்’ என்று பெயர்ச்சொல்லாக எழுதலாம். வேர் மண் போகப் பிடி நாற்றைக் காலில் அடிப்பது ‘ஸ்லாப்’, தண்ணீரில் அலசுவது ‘ரின்ஸ்’. கட்டிய நாற்று முடியை நடவு வயலுக்கு வீசும்போது அது சேற்றில் விழுந்தால் ‘ஸ்பிளாட்’, நின்ற நீரில் விழுந்தால் ‘ஸ்பிளாஷ்’. நாலையும் ‘ஸ்குவெல்ச்’ என்றே எழுதினால் சேறு மட்டும் மிஞ்சும், வேலை மறைந்துபோகும். பறிக்கிற பெண்கள் இடம் மாறும்போது எடுத்து வைக்கும் கால்களுக்கு அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவடைக்குப் பத்து நாள் முன்பு நீரை வடித்துவிட்டால் மண் இறுகிவிடும். நடந்தால் சத்தம் வராது. ஆனால் தை மாதம் தவறி ஒரு மழை பெய்தால் கதை மாறும். டயர் வைத்த அறுவடை வண்டி இறங்கினால் புதைந்துவிடும், பெல்ட் வண்டிதான் போகும். அந்த வயலில் மனிதர்கள் நடப்பதற்கு ‘ஸ்குவெல்ச்’ மறுபடி பொருந்தும். அறுவடை எந்திரத்துக்கு ‘க்ரால்’ போதும். எந்திர இரைச்சலில் சேற்றொலி யார் காதிலும் விழாது.

பாதி காய்ந்த களிமண்ணில்தான் பலர் சறுக்குகிறார்கள். காலில் அப்பிக்கொண்டு, எட்டுக்கு எட்டு பாரம் கூடுகிற மண் அது. ஒட்டும், இழுக்கும், சத்தம் மட்டும் வராது. அங்கே மண்ணுக்கு ‘க்ளிங்’, நடப்பவருக்கு ‘ட்ரட்ஜ்’. ட்ரட்ஜில் களைப்பு இருக்கிறது. ‘ஸ்குவெல்ச்’சில் களைப்பும் இல்லை, உற்சாகமும் இல்லை, ஒலி மட்டும்தான். மழை விட்டதும் ஆசையாக வரப்பிலிருந்து குதித்து ஓடும் பிள்ளையும் ‘ஸ்குவெல்ச்’ செய்யலாம், நாள் முழுக்க நட்டுவிட்டுக் கரையேறும் பாட்டியும் செய்யலாம். மனநிலை தேவையென்றால் அதைத் தனியாகச் சேருங்கள்: ‘ஸ்குவெல்ச்ட் ஹாப்பிலி’, ‘ஸ்குவெல்ச்ட் வீரிலி ஹோம்’.

மண்ணின் வகையும் முக்கியம். கொள்ளிடத்து மணலில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் ‘ஸ்குவெல்ச்’ வராது. மணல் காலைப் பிடிக்காது, நீர் உடனே இறங்கிவிடும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் சேற்றுக்கு இந்தச் சொல் அப்படியே பொருந்தும். வேதாரண்யம் உப்பளத்தில் உப்பு பூத்த தரைக்குப் பழையபடி ‘க்ரஞ்ச்’.

எழுவாயும் முன்னிடைச்சொல்லும்

‘ஸ்குவெல்ச்’ செய்வது மூன்று பேராக இருக்கலாம். நடக்கிற ஆள், அவர் கால் அல்லது செருப்பு, அல்லது சேறே. ‘ஷி ஸ்குவெல்ச்ட் த்ரூ த மட்’ என்றால் ஆள். ‘ஹெர் ஃபீட் ஸ்குவெல்ச்ட் இன் த மட்’ என்றால் கால். ‘த மட் ஸ்குவெல்ச்ட் அண்டர் ஹெர் ஃபீட்’ என்றால் சேறு. விரலிடுக்கில் சேறு பிதுங்குவதைச் சொல்ல ‘த மட் ஸ்குவெல்ச்ட் பிட்வீன் ஹிஸ் டோஸ்’. வெறுங்காலோடு வயலில் இறங்குவதை எழுத இதைவிட நல்ல வாக்கியம் கிடைப்பது அரிது.

நாம் விடும் பெரிய பிழை இங்கேதான் வருகிறது. ‘சேற்றை மிதித்துக்கொண்டு போனான்’ என்று தமிழில் ‘ஐ’ போட்டுச் சொல்கிற பழக்கத்தில் ‘ஹி ஸ்குவெல்ச்ட் த மட்’ என்று எழுதிவிடுகிறோம். சேற்றொலிப் பொருளில் இந்த வினைக்குச் செயப்படுபொருள் வராது. வந்தால் ‘நசுக்கினான்’ என்ற மற்றப் பொருளுக்குத் தாவிவிடும். இடையில் ‘த்ரூ’, ‘அக்ராஸ்’ போன்ற ஒரு முன்னிடைச்சொல் கட்டாயம் வேண்டும்.

எந்த முன்னிடைச்சொல் என்பது போன வழியைப் பொறுத்தது. சேற்றுக்குள்ளே புகுந்து போனால் ‘த்ரூ’. ஒரு வரப்பிலிருந்து எதிர் வரப்புக்குப் போனால் ‘அக்ராஸ்’. வரப்போடு நீளவாக்கில் போனால் ‘அலாங்’. வாய்க்கால் கரையேறினால் ‘அப்’, வயலுக்குள் இறங்கினால் ‘இன்டு’, வெளியே வந்தால் ‘அவுட் ஆஃப்’. ‘இன்’ போட்டால் ஓரிடத்தில் நின்று மிதிப்பதாகிவிடும். போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்ல வேண்டுமானால் ‘டு’ அல்லது ‘டுவர்ட்ஸ்’ஸைப் பின்னால் கோர்க்கலாம்: ‘ஸ்குவெல்ச்ட் அக்ராஸ் த ஃபீல்ட் டு த பம்ப் ஷெட்’. பாடுபட்டு வழி கண்டு போனதாகச் சொல்ல, ‘ஸ்குவெல்ச்ட் ஹிஸ் வே ஹோம்’ என்ற அமைப்பும் உண்டு.

வரப்புக்கு இந்திய ஆங்கிலத்தில் ‘பண்ட்’ என்று எழுதுகிறோம். நம் செய்தித்தாள் வாசகருக்கு அது போதும். வெளிநாட்டு வாசகருக்கு முதல் தடவை மட்டும் ‘த ரெய்ஸ்டு பாத் பிட்வீன் த ஃபீல்ட்ஸ்’ என்று ஒரு விளக்கம் சேர்த்துவிடுங்கள். அதே மாதிரிதான் ‘ஸ்லஷ்’. நாம் சேற்றுக்கு அதை எழுதுகிறோம், ஆனால் குளிர்நாட்டுக்காரருக்கு அது பாதி உருகிய பனி. வயல் சேற்றுக்கு ‘மட்’ என்பதே குழப்பமில்லாதது.

சேறே இல்லாத ‘ஸ்குவெல்ச்’

மழையில் நனைந்து வந்த பள்ளிப் பிள்ளை வகுப்பறைத் தரையில் நடக்கும்போது ஷூவுக்குள்ளிருந்து வருகிற சத்தமும் இதே சொல்தான். தரை காய்ந்திருக்கும். ஊறிய உள்தாளும் காலுறையும்தான் இங்கே சேற்றின் வேலையைச் செய்கின்றன. ‘ஹிஸ் ஷூஸ் ஸ்குவெல்ச்ட் வித் எவ்ரி ஸ்டெப்.’ ஐப்பசி, கார்த்திகையில் இது நமக்கு அன்றாடம். நீர் குடித்த ஸ்பாஞ்ச், நனைந்த மெத்தை, மழையில் ஊறிய புல்தரை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பழம் மிதிபட்டால் என்ன என்று கேட்பார்கள். கனிந்த பூவன் பழத்தைக் காலால் மிதித்துவிட்டால் ‘ஸ்குவிஷ்’. மெத்தென்று நசுங்குவதுதான் அதில் முக்கியம், கால் எடுக்கும் உறிஞ்சல் இல்லை.

பெயர்ச்சொல்லாக ‘வித் எ ஸ்குவெல்ச்’, பெயரடையாக ‘ஸ்குவெல்ச்சி’. ‘ஸ்குவெல்ச்சிங் சவுண்ட்’ என்றும் எழுதலாம். வினையாகவே எழுத முடிகிற இடத்தில் வினையாக எழுதுவது மேல்.

அடக்குவது என்ற பொருள்

இங்கே செயப்படுபொருள் கட்டாயம். வதந்தி, எதிர்ப்பு, விவாதம், ஆர்வம் போன்றவற்றை ஒரே போடாகப் போட்டு அமுக்குவது. அமெரிக்க ஆங்கிலத்தில் அதிகம் புழங்குகிறது. ‘இந்த வருஷம் மேட்டூரை ஜூன் 12ஆம் தேதி திறக்க மாட்டார்களாம்’ என்று ஒரு பேச்சு கிளம்பி, அறிவிப்பு வந்ததும் அடங்கிவிட்டால், ‘த அனௌன்ஸ்மென்ட் ஸ்குவெல்ச்ட் த ரூமர்’. மெல்ல மெல்லத் தானாக ஓய்ந்த வதந்திக்கு இது ஒத்துவராது. அதற்கு ‘டை டவுன்’. யாரோ ஒருவர் அல்லது ஏதோ ஒன்று சட்டென்று அமுக்கியிருக்க வேண்டும். எதிரில் பேசுபவரைப் பதிலால் வாயடைக்கச் செய்வதற்கும் இதே சொல் வரும்.

ஒலி ஒத்திருப்பதால் இதோடு நாலு சொற்கள் குழம்பும். தேர்வுத்தாள்களில் அதிகம் மதிப்பெண் போவது இங்கேதான் என்பதால் நிதானமாகப் பாருங்கள். தாகம் தணிப்பது ‘க்வெஞ்ச்’. நெருப்பை அணைப்பதற்கும், பட்டறையில் பழுக்கக் காய்ந்த இரும்பைத் தண்ணீரில் முக்குவதற்கும் அதுவே. கலவரத்தை அடக்குவதும், மனத்தில் எழும் பயத்தை அடக்குவதும் ‘க்வெல்’. நீதிமன்றம் முதல் தகவல் அறிக்கையையோ உத்தரவையோ ரத்து செய்வது ‘க்வாஷ்’. அந்த இடத்தில் ‘ஸ்குவெல்ச்’ எழுதினால் சட்டப்படியே தவறான செய்தியாகிவிடும். கையால், காலால் நசுக்குவது ‘ஸ்குவாஷ்’. இது வதந்திக்கும் வரும், அங்கே மட்டும் ‘ஸ்குவெல்ச்’சோடு ஒத்துப்போகும். மழையால் அறுவடை ஆசை பாழானதைச் சொல்ல ‘ஹோப்ஸ்’ என்ற சொல்லோடு ‘டாஷ்ட்’தான் இயல்பாகச் சேரும்.

படகு வயர்லெஸ்ஸில் ஒரு ‘ஸ்குவெல்ச்’

நாகப்பட்டினம், அக்கரைப்பேட்டைப் பக்கம் விசைப்படகில் போகிறவர்களுக்கு இந்தச் சொல் வேறு வழியில் பழக்கம். விஹெச்எஃப் வயர்லெஸ் செட்டில் ஒலியளவுத் திருகுக்குப் பக்கத்தில் எஸ்க்யூ அல்லது எஸ்க்யூஎல் என்று எழுதிய இன்னொரு திருகு இருக்கும். யாரும் பேசாதபோது வருகிற ‘கொர்ர்’ இரைச்சலை அமுக்கிவைப்பது அதன் வேலை. ‘அடக்கு’ என்ற பொருளிலிருந்து வந்த பயன்பாடு இது.

இதைச் சரியாக வைக்கும் முறையைத் தெரிந்துகொள்வது சொல்லறிவுக்கும் மேலானது, கடலில் உயிர் சம்பந்தப்பட்டது. முதலில் எஸ்க்யூ திருகை இடப்பக்கம் கடைசி வரை திருப்புங்கள். இரைச்சல் முழுதாகக் கேட்கும். இதை ஆங்கிலத்தில் ‘ஓப்பன் த ஸ்குவெல்ச்’ என்பார்கள். அந்த இரைச்சலைக் கேட்டபடியே ஒலியளவைக் காதுக்கு வசதியாக வைத்துக்கொண்டு, எஸ்க்யூ திருகை மெதுவாக வலப்பக்கம் திருப்புங்கள். இரைச்சல் அறுந்து அமைதியாகிற இடம் ஒன்று வரும். அங்கேயே நிறுத்த வேண்டும்.

அமைதியாக இருக்கட்டும் என்று இன்னும் திருப்பினால், தூரத்துப் படகிலிருந்து வரும் மெலிந்த குரலையும் செட் இரைச்சலாகவே எண்ணி அமுக்கிவிடும். ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனலில், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸில், யாராவது உதவி கேட்டாலும் கேட்காமல் போகலாம். குரல் விட்டுவிட்டு வந்தால் சேனலை மாற்றும் முன் எஸ்க்யூவைக் குறைத்துப் பாருங்கள். வருகிற அலை அந்த அளவைத் தாண்டி ஒலிப்பெருக்கியைத் திறப்பதற்கு ‘பிரேக் த ஸ்குவெல்ச்’ என்று பெயர். எதிராளி பேசி முடித்துப் பொத்தானை விட்டதும் ஒரு நொடிக்கும் குறைவாகக் கேட்கும் ‘க்ஷ்’ சத்தம் ‘ஸ்குவெல்ச் டெய்ல்’. அதை செட்டின் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும், அங்கிருந்து இங்கும்

தமிழில் ஒலியை இரட்டைக்கிளவியில் வைத்து, ‘என’ சேர்த்து, போனான், வந்தாள், ஏறினார் என்று போக்கை வினையில் வைக்கிறோம். ஆங்கிலம் ஒலியை வினைக்குள் வைத்து, போக்கை முன்னிடைச்சொல்லிடம் கொடுத்துவிடுகிறது. ‘சேற்றில் சளக் சளக்கென நடந்து வயலைக் கடந்தான்’ என்பதை மொழிபெயர்க்கும்போது ‘நடந்து’, ‘கடந்தான்’ இரண்டையும் தனி வினையாகத் தேடாதீர்கள். ‘ஹி ஸ்குவெல்ச்ட் அக்ராஸ் த ஃபீல்ட்’ என்பதில் எல்லாமே வந்துவிட்டது. ‘வாக்ட் வித் எ சளக் சளக் சவுண்ட்’ என்று எழுதினால் ஆங்கிலம் படிப்பவர் தடுக்கி நிற்பார்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது ஒன்றை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அப்போது எந்த இரட்டைக்கிளவி என்பதில் கவனம் தேவை. ‘சளக் சளக்’, ‘சதக் சதக்’ இரண்டும் ஒலி, நடைக்கு உதவும். ‘சொதசொத’ என்பது ஊறிய நிலை, ஆங்கிலத்தில் ‘ஸாகி’. ‘கொழகொழ’ கெட்டித்தன்மை, ‘பிசுபிசு’ ஒட்டும் தன்மை. ‘அவள் சொதசொதவென நடந்தாள்’ என்று மொழிபெயர்ப்பில் பார்த்தால் ஒலிக்கும் நிலைக்கும் உள்ள வேறுபாடு தவறிப்போயிருக்கிறது என்று அர்த்தம். ‘தரை சொதசொதவென்று இருந்தது, அவள் சளக் சளக்கென நடந்தாள்’ என்பதுதான் முறை.

எங்கே எழுதக் கூடாது

பயிர்ச்சேத மனுவில், காப்பீட்டுக் கோரிக்கையில், வேளாண்மைத் துறைக்கு எழுதும் கடிதத்தில் வேண்டாம். அங்கே ‘வாட்டர்லாக்ட்’ என்றோ ‘இனன்டேட்டட்’ என்றோ எழுதி, எத்தனை ஏக்கர், எத்தனை நாள், எவ்வளவு ஆழம் என்று அளவைக் கொடுக்க வேண்டும். ‘ஸ்குவெல்ச்’ கதைக்கும் கட்டுரைக்கும் நேரில் கண்டதை எழுதும் செய்திக்கும் உரியது. அங்கேயும் ஒரு பக்கத்துக்கு ஒரு தடவை போதும். காதில் விழுகிற சொல் என்பதால் இரண்டாவது தடவை வந்தால் உறுத்தும். முதல் தடவை ‘ஸ்குவெல்ச்’ எழுதிவிட்டால் அடுத்து நடப்பதற்கு வெறும் ‘வென்ட்’ போடுங்கள். சேறு அதற்குள் வாசகர் மனத்தில் நின்றிருக்கும்.

பழகிப் பார்க்க

கீழே உள்ளவற்றை முதலில் நீங்களே ஆங்கிலமாக்கிவிட்டு, பிறகு எங்கள் விடையைப் பாருங்கள்.

மாடு சேற்றில் புதைந்த காலை உருவிக்கொண்டது. இங்கே வினை ‘புல்’, ஒலி பெயர்ச்சொல்: ‘த கவ் புல்ட் இட்ஸ் லெக் ஃப்ரீ வித் எ ஸ்குவெல்ச்.’ ‘த கவ் ஸ்குவெல்ச்ட் இட்ஸ் லெக்’ என்று எழுதினால் மாடு தன் காலைத் தானே நசுக்கியதாகிவிடும்.

வண்டல் காய்ந்து ஓடு ஓடாக உரிந்த ஆற்றுப் படுகையில் நடந்தோம். ஈரம் இல்லை, ஆகவே ‘வி க்ரஞ்ச்ட் அக்ராஸ் த ரிவர்பெட்’.

இடுப்பளவு தண்ணீரில் வெண்ணாற்றைக் கடந்தார்கள். ‘தே வேடட் அக்ராஸ் த வெண்ணார்.’ அடியில் சேறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுதான்.

நனைந்த ஷூவோடு மாணவன் வகுப்புக்குள் வந்தான். ‘த பாய் ஸ்குவெல்ச்ட் இன்டு த கிளாஸ்ரூம்.’ ஷூவைப் பற்றித் தனியாகச் சொல்லாமலே அது நனைந்திருப்பது தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு நீண்ட வாக்கியம். முழங்கால் தண்ணீரில் வாய்க்காலைக் கடந்து, கரையேறி, நட்ட வயல் வழியாகச் சேற்றில் கால் எடுத்து வைத்து வீட்டுக்குப் போனாள். இதில் தரை மூன்று முறை மாறுகிறது, வினையும் மூன்று முறை மாற வேண்டும்: ‘ஷி வேடட் அக்ராஸ் த சேனல், கிளைம்ட் த பேங்க் அண்ட் ஸ்குவெல்ச்ட் ஹோம் த்ரூ த நியூலி பிளான்டட் ஃபீல்ட்.’ ‘ஹோம்’முக்கு முன்னால் ‘டு’ வராது. கடைசியில் வரும் ‘த்ரூ’வை ‘அக்ராஸ்’ ஆக்கினாலும் சரியே. அப்போது அவள் வயலுக்குள் புகுந்து போனதைவிட, இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு வரை முழு அகலத்தையும் கடந்தது அழுத்தம் பெறும்.